தட்டிக் கேள்

பீங்கான் சாமான் வாங்கும்போது கண்ணை நம்பாதீர்கள். இடது கையில் தொங்கலாகப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்ல சரக்கு கோயில் மணிபோலக் கொஞ்ச நேரம் நின்று ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் ‘டொப்’ என்று அங்கேயே அடங்கிவிடும். மேலே கிளேஸ் பளபளக்கும், பூ வேலை கண்ணைப் பறிக்கும். சத்தம் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் முப்பத்தேழு வருஷம் எனக்குச் சோறு போட்டது இந்த வேலைதான். கப்பும் சாசரும், ஊறுகாய் ஜாடியும், மின்சாரத்துக்கு வைக்கும் ஃபியூஸ் கேரியரும், பொம்மையும், அகல் விளக்கும் சூளையிலிருந்து இறங்க இறங்க என் மேஜைக்கு வரும். தட்டிக் கேட்பேன். ஒலித்தால் இந்தப் பக்கம், ஒலிக்காவிட்டால் உடைசல் குவியல். “அவர் தட்டிக் கேட்டுட்டார்னா அப்புறம் அப்பீல் இல்ல” என்று பேட்டையில் சொல்வார்கள். அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த காலமும் உண்டு.

அப்படிப்பட்ட காது படைத்தவன் வீட்டில் செவிடனாக இருந்தேன். பேரப்பிள்ளைகளே, உங்கள் ஆயா நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்ததற்கு நோய் பாதிக் காரணம். மீதிப் பாதியைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். பெரியவனுக்குத் தை மாதம் கல்யாணம். பாப்பாவுக்குப் பதினான்கு வயது. இதைச் சொல்ல எனக்கு இதைவிட்டால் வேறு வேளை வராது. பெண் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று உங்கள் அப்பன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். பேசாமல் இருந்ததற்கு இந்த வீடு என்ன விலை கொடுத்தது என்று அவனுக்கும் தெரியும்.

கட்டில்

2001ஆம் வருஷம். கார்த்திகைக்கு முந்திய மாதங்களில் அகல் விளக்கு ஆர்டர் மலைபோல் குவியும். ஆயாவும் ஒரு யூனிட்டில் பினிஷிங் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சரக்கின் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குகிற வேலை. குந்திய இடத்திலேயே எட்டு மணி நேரம்.

அந்த வருஷம் அவளுக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் திட்டுத் திட்டாக இரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. பிறகு வெள்ளைப்படுதல். பிறகு நாற்றம். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். “நிக்கப்போற காலம், அப்படித்தான் இருக்கும்” என்று அவர்கள் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நான் நடந்துகொண்டதில்லை.

ஆனால் எனக்கு மூக்கு இருந்தது. ஒருநாள் இரவு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் போட்டேன். “உள்ள புழுக்கமா இருக்கு” என்றேன். ஐப்பசி மழையில் என்ன புழுக்கம்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் ஒருமுறை, வேலை முடிந்து வந்து ஒருமுறை என்று இரண்டு வேளை குளித்தாள். அது ஏன் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் இருந்துவிட்டேன்.

இடுப்பு வலி தாங்காமல் போனபோதுதான் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். ஐந்து மாதம் மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார். ஒருமுறைகூடப் படுக்க வைத்துப் பரிசோதிக்கவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அவர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, அவள் வாய் திறக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து அந்த நோயைப் பொத்திப் பொத்தி வளர்த்தோம்.

கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனை. கருப்பைவாய்ப் புற்றுநோய், மூன்றாம் கட்டம் என்றார்கள். “எத்தனை நாளா இரத்தம் படுது?” என்று அந்த அம்மா டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆயாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடி, “ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதுங்க” என்றாள். இருபத்தேழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவனுக்கு அந்தப் பதில் டாக்டரோடு சேர்ந்துதான் தெரிந்தது.

கதிர்வீச்சு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் தேறினாள். பெரியவனே, உனக்கு அப்போது இரண்டு வயது. உன்னை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டுவாள். 2003 மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலில் கொடியேறிய வாரத்தில் போய்விட்டாள். திருவிழா மேளம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆற்றில் போட்டது

கருமாதி முடிந்து, மருத்துவமனையில் ஒரு காகிதம் வாங்கப் போனபோது அந்த அம்மா டாக்டரிடம் கேட்டேன்: “வெத்தலை, புகையிலைகூடப் போட மாட்டாங்க. இவங்களுக்கு எப்படிங்க வந்துது?” அவர் உட்கார வைத்துச் சொன்னார். அன்று பாதிதான் விளங்கியது. பிறகு உங்கள் அத்தை நர்ஸ் படிப்புப் படித்தபோது அவள் புத்தகங்களிலிருந்து மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் ஊருக்கு ஒரு கதை உண்டு. சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் வாங்கினார். வழியில் கள்ளர் பயம். அதனால் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போய், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடியது’ என்று நாம் கேலிக்குச் சொல்வோம். இந்த நோய் விஷயத்தில் அது கேலி இல்லை. போட்ட இடம் ஒன்று, கிடைக்கிற இடம் வேறு. நடுவே பதினைந்து, இருபது வருஷத் தூரம்.

போடப்படுவது மனித பாப்பிலோமா வைரஸ். எச்.பி.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சில வகை கையில் காலில் மருவாக வரும். சில வகை பிறப்புறுப்பின் தோலிலும் உள்சவ்விலும் தங்கும், உடலுறவின்போது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். இருமல், காய்ச்சல், அரிப்பு என்று எந்த அடையாளமும் காட்டாது. ஆணிடம் இருந்தாலும் அவனுக்குத் தெரியாது. தாம்பத்திய வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோரை இது வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டுவிட்டுத்தான் போகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும்.

துரத்த முடியாமல் தங்கிவிடுகிற சிலரிடம்தான் வினை. நம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ‘வளர்ந்தது போதும், நில்’ என்று சொல்கிற காவலாளிகள் உண்டு. அவற்றில் முக்கியமான இரண்டை பி53 என்றும் ஆர்பி என்றும் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். இந்த வைரஸ் தயாரிக்கும் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் அந்த இரண்டு காவலாளிகளையும் முடக்கிப்போடும். பிறகு கேட்பாரில்லை. அணுக்கள் தம் இஷ்டத்துக்குப் பெருகும். முதலில் புற்றுக்கு முந்திய நிலை, பல வருஷம் கழித்துப் புற்று. உலகில் வருகிற கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதம் 16, 18 என்ற இரண்டே வகைகளால் வருகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஹரால்டு சூர் ஹௌசன் என்ற ஜெர்மானியர். 1970களில் அவர் இந்த வைரஸைக் கைகாட்டியபோது பலர் ஏற்கவில்லை. வேறொரு வைரஸைத்தான் எல்லோரும் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். 1983இல் 16ஆம் வகையைப் புற்றுக் கட்டிக்குள்ளேயே கண்டார்கள், அடுத்த வருஷம் 18ஆம் வகையை. 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த 18ஆம் வகை இருந்த இடங்களில் ஒன்று ‘ஹீலா’ அணுக்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஐந்து பிள்ளைகளின் தாய் 1951இல் இதே நோயால் இறந்தார். வயது முப்பத்தொன்று. அவர் உடம்பிலிருந்து எடுத்த அணுக்கள் இன்றைக்கும் உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் ‘கேட்காமல்’ பின்னால் திரும்பவும் வரும்.

இத்தனையும் தெரிந்த பிறகு எனக்குப் பெரிய பயம் பிடித்தது. அப்படியானால் ஆயாவுக்குக் கொடுத்தது யார்? நானா? என் இளவயதை நான் குடைந்து பார்க்காத இரவு இல்லை. ஒருநாள் உங்கள் அத்தையிடம் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். அவள் சொன்னாள்: “அப்பா, பத்து வருஷத்துக்கு முந்தி தொத்துனதா, இருபது வருஷத்துக்கு முந்தியா, யாருகிட்டேர்ந்துன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. ஒரே ஒருத்தரோட வாழ்ந்தவங்களுக்கும் வரும். இதை வச்சு யார் நல்லவங்க யார் கெட்டவங்கன்னு கணக்குப் போட ஆரம்பிச்சா, அந்தக் கணக்குக்குப் பயந்தே பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு வராம செத்துப்போவாங்க.”

ஆயா அப்படித்தான் போனாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

சாயம்

தட்டுவது எல்லாச் சரக்குக்கும் போதாது. மின்கம்பத்தில் ஏற்றுகிற இன்சுலேட்டர் கெட்டிப் பீங்கான். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை இருந்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறி வெடித்துவிடும். அதற்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். உடைத்த துண்டுகளைச் சிவப்புச் சாயத்தில் போட்டு அழுத்தம் கொடுப்பார்கள். பிறகு எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். நல்ல பீங்கானுக்குள் சாயம் ஒரு துளியும் இறங்கியிருக்காது. இறங்கியிருந்தால் அந்தச் சரக்கே கழிவு. கண் காணாததைச் சாயம் காட்டும்.

பெண்ணின் கருப்பைவாயையும் இதே மாதிரிதான் சோதிக்கிறார்கள் என்று அத்தை சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதம் தண்ணீரில் கலந்து, பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெட ஆரம்பித்திருக்கிற இடம் வெள்ளையாகத் திட்டுக் கட்டி நிற்கும். அயோடின் தடவியும் பார்ப்பார்கள். நல்ல இடம் கறுத்துப்போகும், சந்தேகப்பட்ட இடம் மஞ்சளாகவே இருக்கும். பெரிய இயந்திரம் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும், ஒரு விளக்கும், கொஞ்சம் அமிலமும் போதும்.

இது ஏதோ அமெரிக்காவில் நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஜங்ஷனில் மதுரை ரயில் ஏறினால் திருச்சிக்கு அப்புறம் திண்டுக்கல். அந்த மாவட்டத்து அம்பிளிக்கையில் ஒரு கிறிஸ்தவச் சமூக மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ளவர்களும், டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்தவர்களும், அடையாறு புற்றுநோய் நிலையத்தின் துணையோடு ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 30 முதல் 59 வயதுள்ள பெண்களில் 31,343 பேரை நர்ஸுகள் இந்த அமிலச் சோதனையால் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு சோதனைதான். 2007இல் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் கால் பங்கு குறைந்திருந்தது. அதனால் வருகிற சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

அந்தச் சோதனை நடந்த வருஷங்கள் எவை தெரியுமா? 2000 முதல் 2003 வரை. நான் கட்டிலைத் திண்ணைக்குத் தூக்கிய அதே வருஷங்கள். அதே தண்டவாளத்தின் அந்த முனையில் ஆயா வயதுப் பெண்களை அழைத்து, துண்டு கொடுத்து, விளக்கிச் சொல்லி, பஞ்சால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் தொழிலில் இன்னொரு பாடமும் உண்டு. அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சரக்கில் விரிசல் தெரிந்தால் அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி, அழுத்தி, ஈரப் பஞ்சால் இழைத்துவிடலாம். ஆயாவின் கைக்கு அது ஒரு நொடி வேலை. அதே சரக்கு 1,200 டிகிரிக்கு மேல் வெந்து வந்துவிட்டால் பிரம்மாவாலும் ஒட்ட முடியாது. வெள்ளைத் திட்டு என்பது பச்சை மண் விரிசல். அப்போதே பிடித்தால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சூடு வைத்தோ சில நிமிஷத்தில் அழித்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கருப்பையை எடுக்கத் தேவையில்லை. ஆயாவை நாங்கள் கூட்டிப்போனது சூளையிலிருந்து இறக்கிய பிறகு.

தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முதலில் தமிழ்நாடு அரசு இந்தச் சோதனையை முன்னோட்டமாகச் செய்து பார்த்தது. 2012 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. இன்றைக்கு 30 வயது தாண்டிய எந்தப் பெண்ணும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கருப்பைவாய் அணுக்களை எடுத்து எச்.பி.வி. இருக்கிறதா என்றே பார்க்கிற நுட்பமான சோதனையும் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், அந்தச் சோதனை ஒருமுறை செய்த ஊர்களில் சாவு பாதியாகக் குறைந்தது. இத்தனை இருந்தும் இந்தியாவில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் வருகிறது, எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் சாகிறார்கள். வசதி இருக்கிறது, வருகிறவர்கள் இல்லை.

ஏன் வருவதில்லை? அத்தை பணியாற்றும் நிலையத்துக்கு எதிரிலேயே பினிஷிங் வேலை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால், “கார்த்திகை முடியட்டும் சிஸ்டர்” என்பார்கள். கார்த்திகை முடிந்தால் பொங்கல். பொங்கல் முடிந்தால் முந்திரிக் காடு. “எனக்கு ஒண்ணும் இல்லியே, எதுக்குப் பாக்கணும்?” என்பார்கள். ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை. என் மேஜைக்கு வந்த சரக்கெல்லாம் பார்வைக்கு நல்ல சரக்குதான். உடைந்தது தெரிந்த சரக்கை எதற்குத் தட்ட வேண்டும்?

ஊசி

பாப்பா, இனி உனக்கு.

இந்த வைரஸ் உடம்புக்குள் நுழையும் முன்பே வாசலை அடைக்கிற தடுப்பூசி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இயன் ஃப்ரேசரும் ஜியான் சோவும் செய்த ஆராய்ச்சி அதற்கு அடிப்படை. வைரஸின் வெளி ஓட்டை மட்டும் செய்து உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டால், உடம்பு அதைப் பார்த்து எதிரியின் முகத்தைப் பழகிக்கொள்ளும். அச்சில் வார்த்த பொம்மை மாதிரி. வடிவம் இருக்கும், உயிர் இருக்காது. அதனால் ஊசி போட்டு நோய் வராது. 2006இல் சந்தைக்கு வந்தது. மறு வருஷமே ஆஸ்திரேலியா பள்ளிப் பெண்களுக்குப் போட ஆரம்பித்து, 2013இலிருந்து பையன்களுக்கும் போடுகிறது. ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் போட்டுக்கொண்ட பெண்களைத் தேடிப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

நம் நாட்டில் இந்த ஊசியின் கதை அவ்வளவு சுத்தம் இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் பல்லாயிரம் சிறுமிகளுக்குப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள் என்று செய்தி வந்தது. விசாரித்தபோது அந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்று கண்டார்கள். ஆனால் இன்னொரு குற்றம் வெளிப்பட்டது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றவர்களைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊசி நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. என் பிள்ளைக்குப் போடலாமா என்று என்னைக் கேட்டாயா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் இல்லாமல் போனதால் முதலாவதையும் சனங்கள் நம்பவில்லை. 2010 ஏப்ரலில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் இந்த ஊசிப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

அந்த நிறுத்தத்துக்குள் ஒரு விசித்திரம் நடந்தது. அதே சமயத்தில் அம்பிளிக்கை உட்பட நாட்டின் பல இடங்களில் தனியாக ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்கிற ஆய்வு. அதையும் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். டாக்டர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். அந்த ஒரு தவணையே 16, 18 வகைகள் உடம்பில் தங்காமல் 95 சதவீதம் அளவுக்குத் தடுத்தது என்று 2021இல் தெரிந்தது. இப்படிப்பட்ட சான்றுகளைப் பார்த்துத்தான் 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையே போதும் என்று ஏற்றுக்கொண்டது. பாதியில் நின்ற ஓர் ஆய்வு, ஏழை நாடுகளுக்கெல்லாம் ஊசிச் செலவைக் குறைத்துக் கொடுத்தது. நம் பெண்களின் தோளில் எழுதிய பாடம் அது.

சிக்கிமில் 2018இல் பள்ளிகளில் முன்கூட்டியே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிறகுதான் போட்டார்கள். 9 முதல் 13 வயதுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போட்டுக்கொண்டார்கள். கேட்டுச் செய்தால் சனங்கள் வருவார்கள். 2022இல் புனே சீரம் நிறுவனத்தின் ‘செர்வாவாக்’ என்ற உள்நாட்டு ஊசிக்கு அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு அரசும் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னது. உன் வயதைச் சொல்லியே ஒதுக்கியிருக்கிறார்கள், பாப்பா.

ஊசி போட்டால் கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். பயத்தில் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும், அதனால் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திரு. குழந்தை பிறக்காது என்று யாராவது சொன்னால் அது புரளி. ஏற்கெனவே உடம்பில் தங்கிவிட்ட வைரஸை ஊசி விரட்டாது, அதனால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள். எல்லா வகையையும் அது தடுக்காது, அதனால் முப்பது வயதில் நீயும் சோதனைக்குப் போயாக வேண்டும். காகிதம் வீட்டுக்கு வந்தால் உன் அம்மா கையெழுத்துப் போடும் முன் நீ உரக்கப் படி. புரியாததைக் கேள். உன் உடம்பில் நடக்கிற எதையும் உன்னைக் கேட்காமல் நடக்க விடாதே. இந்த ஊசிக்கு மட்டும் சொல்லவில்லை, வாழ்நாள் முழுமைக்கும் சொல்கிறேன்.

திண்ணை

பெரியவனே, தை மாதம் இந்த வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள். ஆயா வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அந்த வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளை என்பதெல்லாம் இந்த நோய்க்கு வழிகோலும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. உனக்கு வருகிறவள் இருபத்து நான்கு வயதுக்காரி, படித்தவள். ஆனாலும் புது வீட்டில் எந்தப் பெண்ணும் தன் உடம்பைப் பற்றித் தானாக வாய் திறக்க மாட்டாள். நீ கேட்க வேண்டும்.

இது பொம்பளை சமாச்சாரம் என்று ஒதுங்காதே. இந்த வைரஸை ஆணும் தெரியாமல் சுமந்து வருகிறான். அவனையும் அது சும்மா விடுவதில்லை. தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்குறியிலும் புற்று வைக்கிறது. ஆணுறை ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது. நீ பிடிக்கிற சிகரெட்டும் வேண்டாம். புகை இந்தப் புற்றுக்கும் துணை போகிறது. உனக்கு ஊசி போடலாமா என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டாக்டரைக் கேள். கேட்பதில் உன் ஆம்பளைத்தனம் ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழில் ‘கேள்’ என்று ஒரு சொல் இருக்கிறது பார், அது கேள்வி கேட்பதற்கும் அதுதான், காது கொடுப்பதற்கும் அதுதான். தட்டுவது ஒரு பங்கு, காத்திருந்து ஒலியை வாங்குவது இன்னொரு பங்கு. பேட்டையில் நான் இரண்டையும் செய்தேன். வீட்டில் ஒன்றையும் செய்யவில்லை. ஆயா இரண்டு வேளை குளித்தாளே, அது ஒரு சத்தம். அதை நான் கேட்டேன், திண்ணையில் படுத்துக்கொண்டு.

நாளைக்குப் புதன்கிழமை. உன் அம்மாவுக்கு நாற்பத்தாறு நடக்கிறது. ஆயா போன வயது. இதுவரை ஒருமுறைகூடச் சோதனைக்குப் போனதில்லை என்று அத்தை இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் அம்மாவுக்கும் கார்த்திகை முடிய வேண்டுமாம். காலையில் அகல் விளக்குக் கூடையை அவள் கையிலிருந்து வாங்கி வை. வண்டியில் ஏற்று. ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் வேப்பமரத்தடியில் பெஞ்சு கிடக்கும். உட்கார்ந்துகொள். போனை நோண்டாதே. அவள் வெளியே வந்ததும், “என்னம்மா சொன்னாங்க?” என்று கேள். அவள், “ஒண்ணும் இல்லடா, வா” என்பாள்.

அங்கேயே நில். இன்னொரு தரம் கேள்.